வாசகர் கேள்வி – பதில்: மணலுக்குள் எத்தனை புழு?

ராயபுரத்திலிருந்து காட்டுப்பள்ளி வரையிலான மணற்கரைகளில் வாழும் கடற்புழுக்கள் பற்றி வந்த கேள்விகளில் ஏழுக்கு இம்முறை பதில் தருகிறோம். பாடப்புத்தகம் ‘பாலிகீட்டா’ என்றும் செய்தித்தாள்கள் ‘பாலிகீட்ஸ்’ என்றும் எழுதும் புழுக்கள்தான் இவை. மண்புழுவுக்கு உறவு, ஆனால் உடலின் இரு பக்கமும் வரிசையாக முள்மயிர் உண்டு.

எங்கள் கரையில் பாதிக்கு மேல் கருங்கல்தான். கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளுக்கு நடுவே கொஞ்சம் மணல் மிச்சம் இருக்கிறது. அதைத் தோண்டிப் பார்த்தேன், ஒரு புழுவும் இல்லை. செத்துவிட்டனவா?
– வாசகர், திருவொற்றியூர்

தோண்டிய இடம் எது என்று நீங்கள் எழுதவில்லை. காய்ந்த மணலாக இருந்தால் எத்தனை ஆழம் போனாலும் கிடைக்காது. அலை ஏறி இறங்கும்போது மணலைக் கவனியுங்கள். ஒரு மட்டத்துக்கு மேலே, தண்ணீர் இறங்கிய உடனே மணல் மங்கிவிடும். அதற்குக் கீழே கண்ணாடி போலப் பளபளத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பளபளப்பு தொடங்கும் கோட்டிலிருந்து கடல் பக்கமாகத்தான் பெரும்பாலான புழுக்கள் இருக்கும்.

சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆகவே புழு வாழும் பட்டை சில மீட்டர் அகலமே. அதைத் தவறவிடுவது எளிது. அதிகாலை வற்றத்தில் போய், கணுக்கால் நனையும் இடத்தில் ஒரு முழ ஆழம் வரை மண்வெட்டி மணலை எடுத்து, வாளிக் கடல்நீரில் கரைத்து, மேல்நீரைச் சல்லடையில் ஊற்றுங்கள்.

வரக்கூடியவற்றில் ஒன்று ஸ்கோலெலெபிஸ். நூல் தடிமன், தலையில் இரண்டு நீண்ட உணர்கொம்புகள். அலை திரும்பும்போது அந்தக் கொம்புகளை மட்டும் மணலுக்கு வெளியே நீட்டி, ஓடும் நீரிலிருந்து துகள்களைப் பிடித்து உண்ணும். கையில் எடுத்தால் கொம்புகள் ஸ்பிரிங் போலச் சுருளும், கொஞ்சம் அழுத்தினால் உடல் இரண்டாகிவிடும். இன்னொன்று கிளைசெரா. இளஞ்சிவப்பு நிறம், ஊசி போன்ற தலை. தொட்டதும் உடலின் முன்பகுதிக்குள்ளிருந்து ஒரு தும்பிக்கை வெளியே பாயும். அதன் நுனியில் நான்கு கறுப்புக் கொக்கிகள் இருக்கும். அவற்றில் தாமிரக் கனிமம் கலந்திருப்பதால் உறுதியானவை. நஞ்சும் செலுத்துவதால் கடித்தால் வலிக்கும். வெறும் விரலால் எடுக்காதீர்கள்.

முனைவர் பட்ட ஆய்வுக்கு முன்னோட்டமாக, எண்ணூர் கரையில் ஒரே மட்டத்தில் ஐந்து இடங்களில், மணல் மாதிரி எடுக்கும் 10 செ.மீ. உள்விட்டக் குழாயை இறக்கினேன். கிடைத்த புழுக்கள்: 0, 0, 1, 14, 3. அந்த 14 தவறான அளவு, நீக்கிவிடலாம் என்கிறார் கூடப் படிப்பவர். சுழியங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?
– ஆய்வு மாணவி, தண்டையார்பேட்டை

எதையும் நீக்காதீர்கள். அந்த 14-தான் உங்கள் கரையைப் பற்றி உண்மை பேசும் எண், சுழியங்களும் அப்படியே. புழுக்கள் பரப்பிய நெல் போலச் சீராக இருப்பதில்லை, திட்டுத் திட்டாக இருக்கும். உணவு சேரும் பள்ளம், மணல் இறுக்கம், ஒரே நாளில் வந்து இறங்கிய குஞ்சுக் கூட்டம் எல்லாம் காரணம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். சராசரி 3.6. விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 141.2, அதை 4-ஆல் வகுத்தால் மாறுபாடு 35.3. மாறுபாட்டைச் சராசரியால் வகுத்தால் 9.8 வருகிறது. புழுக்கள் தற்செயலாக (random) சிதறியிருந்தால் இது 1-ஐ ஒட்டி இருக்கும். 1-ஐ விட இத்தனை பெரிதாக இருந்தால் திட்டு வாழ்க்கை என்று பொருள். பின்னால் புள்ளியியல் சோதனை செய்யும்போது நார்மல் பரவல் என்று வைத்துக்கொள்ளாமல், திட்டுத் திட்டான எண்ணிக்கைகளுக்குப் பொருந்தும் நெகட்டிவ் பைனாமியல் பரவலுக்குப் போங்கள்.

உங்கள் குழாயின் உள்விட்டம் 10 செ.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். பரப்பு 78.5 சதுர செ.மீ., ஆகவே ஒரு சதுர மீட்டருக்கு மாற்ற 127.3-ஆல் பெருக்க வேண்டும். 3.6 என்பது 458 புழுக்கள். 14-ஐ நீக்கினால் சராசரி 1 ஆகி, சதுர மீட்டருக்கு வெறும் 127 ஆகிவிடும். ஒரே ஒரு எண்ணை அழித்ததில் கரையின் முக்கால்வாசிப் புழு காணாமல் போய்விடுகிறது.

ஐந்து குழாய் போதாது என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன. மாறுபாட்டை, சராசரியின் வர்க்கத்தாலும் நீங்கள் ஏற்கும் பிழையின் வர்க்கத்தாலும் வகுத்தால் தேவையான மாதிரிகளின் எண்ணிக்கை கிடைக்கும். இங்கே பிழை என்பது திட்டப்பிழை (standard error), அதாவது கிடைத்த சராசரி எவ்வளவு முன்பின்னாக இருக்கலாம் என்பதன் அளவு. அதைச் சராசரியின் பின்னமாக எழுத வேண்டும். பாதி அளவு (0.5) பிழை போதும் என்றால் 11 குழாய். கால் அளவு (0.25) என்றால் 44. ஒரு வற்றத்தில் 44 குழாயை ஒருவரால் எடுத்து அலச முடியாது. எனவே இரண்டு மூன்று பேர் சேர்ந்து போங்கள், அல்லது பெரிய பிழையை ஒப்புக்கொண்டு அதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதுங்கள். ஐந்து குழாயில் கிடைத்ததைத் தசம புள்ளி வைத்து எழுதுவது மட்டும் வேண்டாம்.

மாதாமாதம் மாதிரி எடுக்க முதலில் இருந்து படிப்படியாகச் சொல்ல முடியுமா? குழாயை வெளியே இழுக்கும்போது மணல் கீழே கொட்டிவிடுகிறது.
– முதுகலை மாணவர், கத்திவாக்கம்

ஏற்றத்தின் உச்சத்தில் குப்பை ஒதுங்கிய கோட்டிலிருந்து கடலை நோக்கிச் செங்குத்தாக ஒரு கயிறு கட்டுங்கள். அதன் மேல் சம இடைவெளியில் எட்டு அல்லது பத்து மட்டங்கள். கடைசி மட்டம் வற்றத்தில் அலை உடையும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். ஒவ்வொரு மட்டத்திலும் கரைக்கு இணையாக ஒரு மீட்டர் தள்ளித் தள்ளிக் குழாய் இறக்குங்கள். எடுக்கப்போகும் மணலின் மேல் நடக்காதீர்கள், காலடி அதிர்வில் கிளைசெரா ஆழத்துக்குப் போய்விடும். எப்போதும் ஒரே பக்கமாக நடந்து, மறுபக்கத்தில் எடுங்கள்.

குழாயை 25 செ.மீ. வரை ஒரே மூச்சில் அழுத்துங்கள். தயங்கித் தயங்கி இறக்கினால் புழுவுக்கு ஓட நேரம் கிடைக்கும். பிறகு மேல் வாயை ரப்பர் மூடியால் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டு இழுத்தால் மணல் உள்ளேயே நிற்கும். அலை படும் இடத்தில் மணல் தண்ணீராக இளகியிருப்பதால் மூடி மட்டும் போதாது. குழாயின் ஒரு பக்கம் மண்வெட்டியால் தோண்டி, அடியில் மெல்லிய தகட்டைச் செருகித் தூக்குங்கள். உங்களுக்கு மணல் கொட்டுவது இங்கேதான் இருக்கும். கொட்டிய மாதிரியைப் பாதிக் கணக்காக எழுதாமல் தூக்கிப் போட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாக எடுங்கள்.

அடுத்தது சல்லடை. 1 மி.மீ. கண்ணில் வளர்ந்த புழு மட்டும் நிற்கும், குஞ்சுகள் ஒழுகிவிடும். வளர்ச்சியும் இனப்பெருக்கக் காலமும் தெரிய வேண்டுமானால் 0.5 மி.மீ. தேவை. தூண்டில் வளைவை ஒட்டிய பரு மணல் அந்தச் சல்லடையை அடைத்துக்கொள்ளும். அப்படியிருந்தால் மணலை வாளியில் போட்டுக் கடல்நீர் ஊற்றிக் கையால் சுழற்றி, மணல் அமர்ந்ததும் மேல்நீரை மட்டும் சல்லடையில் ஊற்றுங்கள். எட்டு முதல் பத்து முறை இப்படிச் செய்யவேண்டும். குழல் கட்டி வாழும் புழு கனமாக இருப்பதால் வாளி அடியிலேயே தங்கும். கடைசியில் அந்த மணலைத் தட்டில் பரப்பிக் கண்ணால் தேடாமல் கொட்டிவிடக் கூடாது. சல்லடையில் குழாய்த் தண்ணீரை வேகமாக அடிப்பதும் தவறு. புழு துண்டாகும், நன்னீர் பட்டு உப்பிப்போகும்.

நேராக ஃபார்மலினில் போட்டால் புழு முறுக்கிக்கொண்டு தானே உடையும். முதலில் மயக்க வேண்டும். ஒரு லிட்டர் நன்னீரில் 73 கிராம் மெக்னீசியம் குளோரைடு படிகத்தைக் கரைத்தால் கடல்நீருக்குச் சமமான செறிவு வரும். அதையும் கடல்நீரையும் சம அளவு கலந்து, தொட்டாலும் அசையாமல் கிடக்கும்வரை, பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். அதன் பிறகு கடைச் சரக்கு ஃபார்மலின் ஒரு பங்கு, கடல்நீர் ஒன்பது பங்கு, அமிலம் ஆகாமலிருக்கக் கொஞ்சம் வெண்காரம். இரண்டு நாள் கழித்து நீரில் அலசி 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். ஃபார்மலின் வேலை கையுறையோடும் காற்றோட்டத்திலும் நடக்க வேண்டும். லேபிளை டிரேசிங் பேப்பரில் பென்சிலால் எழுதிப் பைக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து, எந்த மாதிரி எந்த மட்டம் என்று தெரியாமல் போவது ஆய்வகங்களில் அடிக்கடி நடக்கிற விபத்து.

மணலையும் மறக்காதீர்கள். ஒவ்வொரு மட்டத்திலும் கால் கிலோ எடுத்து, நன்னீரில் உப்புப் போகக் கழுவி, உலர்த்தி, 100 கிராமை 1, 0.5, 0.25, 0.125 மி.மீ. சல்லடை அடுக்கில் ஆட்டுங்கள். உப்போடு உலர்த்தினால் மணிகள் ஒட்டிக்கொண்டு மணல் உள்ளதை விடப் பருமனாகத் தெரியும்.

புழுக்கள் பெரும்பாலும் துண்டாகத்தான் வருகின்றன. நீளத்தை எப்படி அளப்பது, வயதை எப்படி அறிவது?
– அதே மாணவர்

நீளத்தை அளக்கவே வேண்டாம். உயிரோடு இருக்கும்போதே அது நீளும், சுருங்கும். முள்மயிர் கொண்ட ஐந்தாவது உடல் வளையத்தின் (கண்டத்தின்) அகலத்தை நுண்ணோக்கி அளவுகோலால் அளங்கள். தலைப்பகுதி உள்ளவை மட்டுமே எண்ணிக்கையில் சேரும். வால் துண்டை எண்ணினால் ஒரு புழு இரண்டாகிவிடும். மாதாமாதம் அகலங்களை வகைப்படுத்தி வரைந்தால், சிறிய அகலத்தில் ஒரு குவியல் திடீரென முளைத்து அடுத்த மாதங்களில் வலப்பக்கம் நகர்வது தெரியும். அந்தக் குவியல்தான் ஒரு தலைமுறை.

ஐப்பசி, கார்த்திகையில் புழு சுத்தமாக இல்லாமல் போகிறது. தை மாசத்துக்கு மேல் மறுபடி தெரிகிறது. எங்கே போய் வருகிறது?
– மீனவர், நெட்டுக்குப்பம்

நீங்கள் பார்ப்பது சரியே, ஐயா. மூன்று விஷயங்கள் ஒன்றாக நடக்கின்றன. வாடைக் காலத்து அலை கரையைச் செங்குத்தாக வெட்டி, நயமான மணலைக் கடலுக்குள் இழுத்துப்போகிறது. அந்த மணலோடு புழுவும் போகிறது. பருமணல் மட்டும் மிஞ்சிய கரையில் அலை அடித்த தண்ணீர் உடனே வடிந்துவிடுவதால், நயமணலுக்குப் பழகிய புழு தங்காது. இரண்டாவது, கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்தால் முகத்துவாரத்தை ஒட்டிய கரையில் உப்பு சட்டென்று இறங்கும். ஆழத்துக்குப் போக முடிந்தவை தப்பும், மேல் மணலில் இருப்பவை சாகும்.

மூன்றாவதுதான் முக்கியம். தை, மாசியில் நீங்கள் பார்ப்பது போனவை திரும்பி வந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஸ்கோலெலெபிஸ் போன்றவற்றின் முட்டையிலிருந்து வரும் குஞ்சு முதலில் கடலில் மிதந்து வாழும், பிறகுதான் ஏதோ ஒரு கரையில் இறங்கும். உங்கள் கரையின் புழு வேறு ஊர்க் கரையில் பிறந்ததாக இருக்கலாம். வடசென்னைக் கரை ஒவ்வொன்றையும் தனிக் குளம் போல நினைக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். உங்களிடம் ஓர் உதவி: புழு முதலில் தெரியும் நாளையும் அன்றைய நீரோட்டம் எந்தப் பக்கம் என்பதையும் குறித்து வையுங்கள். ஆய்வாளர் மாதம் ஒரு நாள் வருகிறார், நீங்கள் தினமும் கரையில் நிற்கிறீர்கள்.

எண்ணூர்க் கழிவெளியிலும் பழவேற்காட்டிலும் இறால் பொரிப்பகங்களுக்காகப் புழு தோண்டுகிறார்கள். கடற்கரைப் புழு போல அதுவும் தானாக நிரம்பிவிடாதா?
– வாசகர், மீஞ்சூர்

நிரம்பாது. அது வேறு புழு. கழிமுகச் சேற்றில் தோண்டுவது பெரும்பாலும் மார்பைசா இனம். தாய் இறாலின் சினைப்பை முதிர வேண்டிய கொழுப்பு அமிலங்கள் இதில் நிறைய இருப்பதால் விலை போகிறது. இந்தியத் தென்கிழக்குக் கரையின் மார்பைசாவில் ஒரு வகைக்கு ‘மார்பைசா மெட்ராசி’ என்று 2020-இல்தான் பெயர் வைத்தார்கள். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய உயிர் அது.

மார்பைசாவின் இனப்பெருக்கத்தை 1931-லேயே சென்னையிலிருந்து ஆர். கோபால ஐயர் விவரித்திருக்கிறார். சேற்றில் ஊன்றிய ஜெல்லிப் பைக்குள் முட்டைகள் இருக்கும், குஞ்சுகளின் ஆரம்ப வளர்ச்சி அதற்குள்ளேயே நடக்கும். வெகுதூரம் மிதந்து போகாது. ஆகவே ஓரிடத்தைத் தோண்டித் தீர்த்தால் தூரத்துக் கரையிலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை. தோண்டும்போது அடியிலிருக்கும் பிராணவாயு இல்லாத கறுப்புச் சேறு மேலே வந்து, அழுகிய முட்டை நாற்றத்தோடு காய்கிறது. அங்கே குஞ்சு இறங்குவது இன்னும் கடினம். குழியை மூடாமல் போவதுதான் புழு எடுப்பதை விடப் பெரிய சேதம் என்பது எங்கள் கருத்து.

பொரிப்பகத்துக்கும் இதில் ஆபத்து உண்டு. காட்டுப் புழு வெள்ளைப்புள்ளி வைரஸைச் சுமந்து வந்து தாய் இறாலுக்குக் கொடுக்க முடியும் என்பது வட தமிழகக் கரையில் எடுத்த புழுக்களை வைத்து நடந்து, 2005-இல் வெளியான ஆய்வில் உறுதியாகியிருக்கிறது. இன்னொன்று, பழவேற்காடு பறவைகள் சரணாலய எல்லைக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம்.

2017 ஜனவரி 28-இல் கப்பல்கள் மோதி எண்ணூர் அருகே எண்ணெய் சிந்தியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய். இப்போது எங்கள் பக்கம் தோண்டினால் சதுர மீட்டருக்கு முன்பை விட அதிகப் புழு இருப்பதாக ஒரு அறிக்கையில் படித்தேன். அப்படியானால் கரை தேறிவிட்டதா?
– ஆசிரியை, தாழங்குப்பம்

அந்த ஒரு எண்ணை வைத்துத் தேறிவிட்டது என்று சொல்ல முடியாது. மூன்று கேள்விகளை அறிக்கையிடம் கேளுங்கள்.

முதலாவது, எந்தப் புழு அதிகம்? 1969-இல் அமெரிக்காவின் வெஸ்ட் ஃபால்மவுத்தில் எண்ணெய் சிந்தியபோது மற்ற உயிர்கள் செத்த சேற்றில் கேபிடெல்லா என்ற சிறு செம்புழு பெருகிக் குவிந்தது. சில வாரங்களிலேயே முட்டையிடும் அளவுக்கு வளரும், அழுகல் அதிகமான இடம் அதற்குப் பிடிக்கும். கேபிடெல்லா கூடினால் கரை நோயில் இருக்கிறது என்று பொருள். அதோடு, எண்ணெய்க்கு முதலில் சாகும் ஆம்பிபாடுகள், அதாவது துள்ளும் சிறு கூனிப் பூச்சிகள், எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். புழு ஏறி ஆம்பிபாடு இறங்கியிருந்தால் அது நல்ல செய்தியே அல்ல.

இரண்டாவது, எதோடு ஒப்பிட்டார்கள்? எண்ணெய் படுவதற்கு முந்தைய அளவும், எண்ணெய் படாத, மணலும் சரிவும் ஒத்த வேறொரு கரையின் அளவும் வேண்டும். மெரினாவோடு ஒப்பிட்டிருந்தால் செல்லாது. 1875-இல் துறைமுகக் கட்டுமானம் தொடங்கிய பிறகு தெற்கே மணல் சேர்ந்து அகன்ற கரை அது. வடக்கே அதே காரணத்தால் அரிப்பு. 2023-இல் வெள்ளமும் எண்ணெயும் ஒரே வாரத்தில் வந்ததால், முன் அளவு இல்லாமல், செத்தவை நன்னீரால் செத்தனவா எண்ணெயால் செத்தனவா என்று பிரிக்கவே முடியாது.

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. உங்கள் பக்கத்துக்கு அதுதான் மிகவும் பொருந்தும்: கரையின் அகலம் என்ன ஆயிற்று? ஒரு கணக்குக்கு, முன்பு நனையும் மணல் 24 மீட்டர் அகலம், சராசரி சதுர மீட்டருக்கு 150 புழு என்று வையுங்கள். ஒரு மீட்டர் நீளக் கரைக்கு 3,600 புழு. கல் கொட்டியபின் அகலம் 9 மீட்டராகி, ஒதுங்கிய புழுக்கள் நெருங்கி 240 ஆனால், ஒரு மீட்டர் கரைக்கு 2,160. சதுர மீட்டர் கணக்கில் 60 சதவீதம் கூடியிருக்கிறது. கரையிலோ 40 சதவீதப் புழு இல்லை. அவற்றைத் தின்ன வரும் உள்ளான் பறவைக்கும் கெளங்கா மீனுக்கும் இரண்டாவது எண்தான் சோறு.

ஆகவே ஒவ்வொரு மட்டத்தின் சதுர மீட்டர் எண்ணிக்கையையும் அடுத்த மட்டத்தினுடையதோடு கூட்டி, பாதியாக்கி, இடைவெளி மீட்டரால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஒரு மீட்டர் அகலக் கீற்றில், குப்பைக் கோட்டிலிருந்து அலை வரை உள்ள மொத்தப் புழு அது. உங்கள் மாணவர்கள் இதை ஃபார்மலின் இல்லாமலே செய்யலாம். வெள்ளைத் தட்டில் கடல்நீர் விட்டு உயிரோடு எண்ணி, அதே மட்டத்தில் திரும்ப விட்டுவிடட்டும். தை முதல் பங்குனி வரை குப்பைக் கோட்டுக்கு மேலே தோண்ட விடாதீர்கள், அங்கே பங்குனி ஆமை முட்டையிட்டிருக்கும். உடைந்த கண்ணாடியும் ஊசியும் புதைந்திருப்பதால் கையுறையும் செருப்பும் கட்டாயம். கரையின் அகலத்தை ஒவ்வொரு முறையும் டேப் வைத்து அளந்து, தேதியும் வற்ற நேரமும் போட்டு, நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.